போக்கியப் பத்திரத்தில் இல்லாத பெயர்

1998இல் திருவொற்றியூரில் ஓர் ஒண்டுக்குடித்தன வீட்டைப் போக்கியத்துக்கு எடுத்தோம். தொகை 40 ஆயிரம். அதில் 30 ஆயிரம் அம்மாவின் பத்து சவரன் நகையை விற்ற பணம். மீதி அப்பாவின் சீட்டுப் பணம். மாத வாடகை இல்லை, காலி செய்யும்போது முழுத் தொகையும் திரும்பி வரும் என்பது பேச்சு. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் அப்பா. அம்மா சாட்சியாகக்கூட இல்லை.

நான்கு வருடம் கழித்து அப்பா இறந்தார். பணத்தைக் கேட்டபோது வீட்டுக்காரர், “அக்ரிமென்ட் அவர் பேர்ல இருக்கும்மா. வாரிசு சர்டிபிகேட் கொண்டாங்க, உங்க மாமியாரும் கையெழுத்துப் போடணும்” என்றார். சட்டப்படி அவர் சொன்னதில் பிழையில்லை. தன் நகைப் பணத்தைத் திரும்ப வாங்க அம்மாவுக்கு எட்டு மாதம் ஆனது.

வடசென்னை வரலாற்றை 1856இல் ராயபுரத்திலிருந்து கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலில் தொடங்குவார்கள். பிறகு துறைமுகம், விம்கோ தீப்பெட்டி ஆலை, என்ஃபீல்டு, எண்ணூர் அசோக் லேலண்ட், அனல் மின் நிலையம் என்று பட்டியல் நீளும். அங்கே வேலைக்கு வந்தவர்கள் எந்த வீட்டில் படுத்தார்கள், அந்த வீட்டுக்கான பணம் யார் கழுத்திலிருந்து இறங்கியது என்ற கேள்வி அதில் வராது.

பெண்ணுக்கு வீடு இருக்கும் இடமும் சம்பாத்தியத்தோடு சேர்ந்தது. காசிமேட்டில் மீன் ஏலம் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். கூடை சுமக்கும் பெண் பக்கத்தில் குடியிருந்தால்தான் ஏலம் எடுக்கவும், விற்கவும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் முடியும். 2004 சுனாமியில் வீடிழந்தவர்களைத் திருவொற்றியூர் கார்கில் நகரில் தற்காலிகக் குடிசைகளில் வைத்தார்கள். 2005இல் அவை தீயில் எரிந்தன. பலரை 30 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள செம்மஞ்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கான்கிரீட் கூரை கிடைத்தது. காசிமேடு கைவிட்டுப் போனது. மீன் விற்ற பெண்கள் பலர் வீட்டு வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் போனார்கள்.

2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பின் 24 வீடுகள் இடிந்து விழுந்தன. விரிசலைப் பார்த்து மக்கள் முன்பே வெளியேறியதால் உயிர் பிழைத்தார்கள்.

தமிழ்நாட்டில் 1989 முதல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு உண்டு. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் கட்டணம் 1 சதவீதம் குறைவு. இரண்டுமே நல்லவை. ஆனால் இரண்டும் சொத்து உள்ளவர்களுக்கும் வாங்க முடிந்தவர்களுக்கும்தான். போக்கியத்திலும் வாடகையிலும் வாழ்கிறவளின் நகை எந்தக் கணக்கில் வருகிறது?

போன வருடம் நாங்கள் மறுபடி போக்கியத்துக்கு வீடு பார்த்தோம். “சார் பேரு சொல்லுங்க” என்றார் புரோக்கர். அம்மாவின் பெயரைச் சொன்னேன். எழுதிய பத்திரத்தை அம்மா ஒரு வரி விடாமல் படித்தார். “எட்டு மாசம் மிச்சம்” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

உங்கள் வீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். யார் பெயர் இருக்கிறது, யார் நகை போனது என்று அம்மாவிடம் கேளுங்கள்.