ஆம்பூர் தோல் காலணித் தொழில்

ஆம்பூர் தோல் காலணித் தொழில் என்பது தமிழ்நாட்டில் பாலாற்றங்கரை நகரமான ஆம்பூரை மையமாகக் கொண்ட ஏற்றுமதித் தொழில் ஆகும். 2019 வரை வேலூர் மாவட்டத்தில் இருந்த ஆம்பூர், தற்போது திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அன்றாடம் அணியும் தோல் காலணிகள் இங்கிருந்து ஐரோப்பா, அமெரிக்கா முதலிய இடங்களுக்கு அனுப்பப்படுகின்றன.

வரலாறு

ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிடுவது தமிழ்நாட்டின் பழைய முறையாகும். பின்னர் குரோமிய உப்பு முறை பரவியது. 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதியை நடுவண் அரசு கட்டுப்படுத்தியதால், காலணி போன்ற முழுமைப்படுத்திய பொருட்களின் உற்பத்தி வளர்ந்தது.

செய்முறை

வெட்டிய தோலின் ஓரங்கள் சீவப்பட்டு, 'அப்பர்' எனப்படும் மேற்பாகம் தைக்கப்படுகிறது. தையற் பணியில் பெண்கள் பெருமளவில் ஈடுபடுகின்றனர். மேற்பாகத்தைப் பாத வடிவ அச்சின்மீது இழுத்துப் பொருத்திய பின் அடிப்பாகம் இணைக்கப்படுகிறது. ஒட்டாமல் வார்வைத்துத் தைக்கப்பட்ட அடிப்பாகத்தைத் தேய்ந்தபின் மாற்றிக்கொள்ளலாம். எனவே அத்தகைய காலணிகள் நெடுநாள் உழைக்கும்.

சுற்றுச்சூழல்

தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரால் பாலாறும் நிலத்தடி நீரும் மாசடைந்தன. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்துபவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்னும் கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 28, 1996 அன்று தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்குமாறு அந்நீதிமன்றம் ஜனவரி 2025 இல் மீண்டும் ஆணையிட்டது.