சாவோ பாவுலோவின் இலவச விடுதி

முதுகுப் பையோடு தென் அமெரிக்காவைச் சுற்றுகிறவர்கள் சாவோ பாவுலோவில் பெரும்பாலும் ஓரிரண்டு நாளுக்கு மேல் தங்குவதில்லை. ரியோ கடற்கரைக்கோ இகுவாசு அருவிக்கோ போகிற வழியில் ஒரு ராத்திரி. விலா மதலேனா பக்கம் ஏதாவது ஹாஸ்டலில் அடுக்குக் கட்டில், மறுநாள் பாவுலிஸ்டா அவென்யூவில் ஒரு நடை, பிறகு பஸ். இதற்காக அந்த ஊர் வருத்தப்பட நியாயமில்லை. வந்தவர்களைச் சில நாளில் மூட்டை முடிச்சோடு கிளப்பிவிடுவதற்கென்றே அரசுச் செலவில் பெரிய விடுதி கட்டிய ஊர் அது.

பிராஸ் பகுதியில் ரயில் பாதையை ஒட்டி இன்றும் நிற்கிறது அந்தக் கட்டடம். பெயர் ஓஸ்பெடாரியா டி இமிகிராண்டிஸ், அதாவது குடியேறிகள் விடுதி. போம் ரெட்டிரோவில் இருந்த பழைய விடுதியில் இடம் போதவில்லை, தொற்றுநோய் பயம் வேறு. அதனால் 1886-இல் இங்கே வேலையைத் தொடங்கி, கட்டி முடிக்கும் முன்பே 1887-இல் ஆட்களை உள்ளே விட்டார்கள். 1978-இல் மூடும்வரை எழுபதுக்கும் மேற்பட்ட நாட்டு மக்கள், சுமார் 25 லட்சம் பேர், அதன் வழியே போனார்கள்.

எல்லாம் காப்பிக்காக. 1888 மே 13 அன்று பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது. அது வரப்போகிறது என்பதைத் தோட்ட முதலாளிகள் முன்பே மோப்பம் பிடித்துவிட்டார்கள். 1886-இலேயே குடியேற்றத்துக்கு ஒரு சங்கம் அமைத்தார்கள். தலைவர் மார்டின்யோ பிராடோ ஜூனியர், பெரிய காப்பிக் குடும்பத்துக்காரர். ஐரோப்பாவிலிருந்து கப்பல் கட்டணத்தை மாகாணக் கஜானா கொடுத்தது. தோட்டம் அவர்களுடையது, செலவு ஊருடையது! தனி ஆளைவிடக் குடும்பமாக வருகிறவர்களுக்கே முன்னுரிமை. பெண்டு பிள்ளைகளும் பழம் பறிப்பார்கள் அல்லவா?

சாந்தோஸ் துறைமுகத்தில் இறங்கியவர்களை, ஆங்கிலேயக் கம்பெனி 1867-இல் திறந்த ரயில் ஏற்றிக்கொள்ளும். செர்ரா டோ மார் மலைச் சரிவில் ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்துக்கு இரும்பு வடம் பூட்டிப் பெட்டிகளை இழுத்தார்கள். ரயில் நேரே விடுதியின் சொந்த நடைமேடையில் போய் நிற்கும். நகரத் தெருவில் கால் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. பெரிய பேரேட்டில் பெயர், வயது, ஊர், உறவுமுறை பதிவாகும். டாக்டர் பார்ப்பார், தடுப்பூசி போடுவார்கள். சாப்பாடு, படுக்கை எல்லாம் இலவசம், சுமார் ஒரு வாரத்துக்கு. வேலை ஒப்பந்தத்தையும் அந்த வளாகத்துக்குள்ளேயே முடித்துவிடலாம். ஆயிரம் காப்பி மரத்தைப் பராமரிக்க ஆண்டுக்கு இவ்வளவு, அறுவடைக்குத் தனி, வரிசைகளுக்கு நடுவே சோளமும் பீன்ஸும் போட்டுக்கொள்ளலாம். கையெழுத்து, இல்லாவிட்டால் கைநாட்டு. திரும்பவும் ரயில், இந்த முறை ரிபெய்ராவ் பிரெட்டோ பக்கத்துக் காடுகளுக்கு.

அங்கே தோட்டக் கடையில் ஏறிய கடனும் அபராதமும் கூலியைத் தின்றன. அடிமைகளை மேய்த்துப் பழகிய கங்காணிகளுக்கு நாக்கும் கையும் மாறவில்லை. இத்தாலியத் தொழிலாளர்களின் புகார்கள் ரோம்வரை போயின. 1902-இல் இத்தாலி, பிறர் கட்டணம் கொடுத்துத் தன் மக்களை பிரேசிலுக்கு ஏற்றிச் செல்வதைத் தடை செய்தது.

முதலாளிகள் ஜப்பான் பக்கம் திரும்பினார்கள். 1908 ஜூன் 18 அன்று காசாட்டோ மாரு கப்பல் 781 ஒப்பந்தத் தொழிலாளர்களோடு சாந்தோஸ் வந்தது. ஐரோப்பிய உடை, கையில் இரு நாட்டுக் கொடிகள். அவர்கள் விடுதியில் சாப்பிட்டு எழுந்த பிறகு கூடம் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று 'கொர்ரெயோ பாவுலிஸ்டானோ' பத்திரிகை வியந்து எழுதியது. கப்பலை விட்டு இறங்குவதற்கு முன்பே அவர்களைப் பற்றி ஊருக்குள் ஏகப்பட்ட தப்பெண்ணங்கள் ஓடிக்கொண்டிருந்தன என்பதை வைத்து அந்த வியப்பைப் படிக்க வேண்டும்.

விடுதி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆனால் அனுப்பப்பட்டவர்கள் தோட்டத்தில் நிற்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தோ, ராவோடு ராவாக ஓடியோ, நகரத்துக்கே திரும்பினார்கள். 1890-இல் சுமார் 65,000 பேர் இருந்த ஊரில் 1900-இல் ஏறத்தாழ 2,40,000 பேர். பிராஸிலும் மோகாவிலும் இத்தாலியக் குரல்கள் நிறைந்தன. 1917-இல் மோகாவின் கிரெஸ்பி பஞ்சாலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் நகரம் முழுவதையும் முடக்கியது. 1912 முதல் ஜப்பானியர்கள் கொண்டே டி சார்செடாஸ் தெருவில் வாடகை மலிவு என்று நிலவறை அறைகளில் குடியேறினார்கள். லிபெர்டாடே வட்டாரம் அப்படித்தான் பிறந்தது.

1934 அரசியல் சட்டம் வெளிநாட்டவருக்கு ஒதுக்கீடு வைத்து வாசலைக் குறுக்கியது. அதன் பிறகு அதே கட்டில்களில் அதிகம் படுத்தவர்கள் பிரேசிலின் வறண்ட வடகிழக்கிலிருந்து வந்த சொந்த நாட்டு ஏழைகள்.

இப்போது கட்டடத்தின் ஒரு பகுதி குடியேற்ற அருங்காட்சியகம். இன்னொரு பகுதியில் 1996 முதல் 'ஆர்செனல் டா எஸ்பெரான்சா' என்ற காப்பகம் நடக்கிறது. வீடற்ற ஆண்கள் சுமார் 1,200 பேருக்கு இரவில் படுக்கையும் சாப்பாடும். கட்டடத்தின் பழைய தொழில் விட்டுப்போகவில்லை.

அந்தப் பேரேடுகளுக்கும் இன்னும் கிராக்கி உண்டு. இத்தாலியக் குடியுரிமை கேட்கிற பேரப்பிள்ளைகள், மூதாதை வந்திறங்கிய தேதியை அவற்றில் தேடுகிறார்கள். 2025-இல் இத்தாலி தன் குடியுரிமைச் சட்டத்தை இறுக்கிவிட்டது. தாத்தா, பாட்டி தலைமுறைக்கு மேலே போய் உரிமை கோர முடியாது. 1890-களில் பிராஸில் இறங்கிய பூட்டனின் பெயர் ஏட்டில் பளிச்சென்று இருந்தாலும், பாஸ்போர்ட்டுக்கு அது போதாது.