இனி ஒரு பென்னி கூட கிடையாது! - பிளாக்பூல் ரசிகர்களின் கதை

சீசன் டிக்கெட் என்றதும் பலருக்கு ரயில் பாஸ்தான் நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் அந்தச் சொல்லைச் சொன்னால் முதலில் கால்பந்துதான் ஞாபகம் வரும். ஒரு கிளப் தன் சொந்த மைதானத்தில் ஒரு வருடம் ஆடப்போகும் எல்லா லீக் ஆட்டங்களுக்கும் சேர்த்து மொத்தமாகப் பணம் கட்டி ஓர் இருக்கையைப் பிடித்து வைத்துக்கொள்வது. பிரீமியர் லீக்குக்குக் கீழே உள்ள பிரிவுகளில் 24 அணிகள். ஆக, 23 ஆட்டங்கள். மழை பெய்தாலும் சரி, அணி தோற்றாலும் சரி, அந்த நாற்காலி உங்களுடையது.

வருடா வருடம் அதே நாற்காலிதான். பக்கத்தில் உட்காருபவரும் அதே ஆள்தான். அவர் பெயர் தெரியாது, வேலை தெரியாது, ஆனால் இருபது வருடமாக ஒவ்வொரு கோலுக்கும் அவரைக் கட்டிப் பிடித்தாயிற்று! அப்பா உட்கார்ந்த இடத்தில் மகன், மகன் பக்கத்தில் பேரன் என்று போகும்.

இதில் ஒரு கணக்கு விஷயமும் இருக்கிறது. ஜூன், ஜூலை மாதங்களில் ஆட்டமே கிடையாது, சம்பளம் மட்டும் கொடுத்தாக வேண்டும். அப்போது கிளப்பைத் தாங்குவது புதுப்பித்தல் பணம்தான். கணக்குப் புத்தகத்தில் இது உடனே வருமானம் ஆகாது. முன்கூட்டிப் பெற்ற தொகை என்று பொறுப்புகள் பக்கத்தில் போய் உட்காரும். ஒவ்வொரு ஆட்டம் முடிய முடியத்தான் கொஞ்சம் கொஞ்சமாக வருமானமாக மாறும். அதாவது, கணக்கர் பார்வையில் சீசன் டிக்கெட் ரசிகர் வட்டி கேட்காத ஒரு கடன்காரர். கிளப் அவருக்கு 23 ஆட்டம் கடன்பட்டிருக்கிறது. ஆனால் கடன் கொடுத்தவருக்குரிய உரிமை ஒன்று கூட அவருக்குக் கிடையாது. கணக்கு கேட்க முடியாது, ஓட்டுப் போட முடியாது. அவரால் முடிந்தது ஒன்றே ஒன்றுதான். அடுத்த வருடம் புதுப்பிக்காமல் இருப்பது.

அதைத்தான் பிளாக்பூலில் செய்தார்கள்.

பிளாக்பூல் இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் உள்ள கடற்கரை ஊர். ஒரு காலத்தில் ஆலைத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் கோடை விடுமுறைக்கு வந்து குவிந்த இடம். பிறகு ஸ்பெயினுக்கு மலிவு விமானங்கள் வந்தன, ஊர் வாடிப்போனது. கால்பந்து அணியின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். 1953 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் போல்ட்டனை 4-3 என்று வென்ற அணி இது. ஸ்டான் மோர்டன்சன் மூன்று கோல் போட்டார், ஆனால் உலகம் அதை ஸ்டான்லி மேத்யூஸ் ஃபைனல் என்றுதான் சொல்கிறது (பாவம் மோர்டன்சன்!). அதற்குப் பிறகு நீண்ட இறக்கம். 1980களின் கடைசியில் கிளப் ஓவன் ஆய்ஸ்டன் என்ற தொழிலதிபர் கைக்கு வந்தது. 1999ல் அவர் மகன் கார்ல் தலைவரானார். 2006ல் லாட்வியாவைச் சேர்ந்த வலேரி பெலோகோன் பணம் போட்டுச் சிறுபான்மைப் பங்குதாரராகச் சேர்ந்தார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2010 மே 22. வெம்ப்ளியில் கார்டிஃப் அணியை 3-2 என்று வென்று பிளாக்பூல் பிரீமியர் லீக்குக்குப் போனது. மேலாளர் இயான் ஹாலோவே. லீக்கிலேயே மிகக் குறைந்த சம்பளச் செலவுள்ள அணி, ஆனால் தடுப்பு ஆட்டம் என்றால் என்னவென்றே தெரியாத மாதிரி முன்னேறி முன்னேறி ஆடினார்கள். லிவர்பூலை ஆன்ஃபீல்டிலேயே 2-1 என்று தோற்கடித்தார்கள். அந்த வருடம் மைதானத்துக்கு ஆட்டத்துக்குச் சராசரியாக 15,700 பேருக்கு மேல் வந்தார்கள். சரியாக ஒரு வருடம் கழித்து, 2011 மே 22 அன்று, மான்செஸ்டர் யுனைட்டடிடம் 4-2 என்று தோற்று 39 புள்ளிகளோடு கீழே இறங்கினார்கள். அன்று யாருக்கும் பெரிய கோபம் இல்லை. இந்த அணி ஒரு வருடமாவது அங்கே ஆடியதே என்ற சந்தோஷம்தான்.

கோபம் கணக்கறிக்கையில் இருந்து வந்தது.

பிரீமியர் லீக் ஒரு வருடம் ஆடினாலே தொலைக்காட்சிப் பணம் கொட்டும். அப்போதெல்லாம் இறங்கிய பிறகும் நான்கு வருடத்துக்கு 'பாராசூட்' பணம் என்று வந்தது. அப்படி வந்த பணம் எங்கே போனது? அந்தப் பிரீமியர் லீக் வருடத்தில் மட்டும் இயக்குநர் ஊதியம் என்ற பெயரில் ஓவன் ஆய்ஸ்டனின் நிறுவனத்துக்கு 1 கோடியே 10 லட்சம் பவுண்டு போயிருந்தது. அப்போது கோல் போட்ட ஆட்டக்காரர்கள் வாங்கிய சம்பளத்தோடு ஒப்பிட்டால் தலை சுற்றும். பயிற்சி மைதானமோ மேத்யூஸ் காலத்துக் கொட்டகை மாதிரி அப்படியே கிடந்தது.

2014 கோடையில் கூத்து உச்சத்துக்குப் போனது. புது சீசன் தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது ஒப்பந்தத்தில் இருந்த ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர். ஒரு அணிக்குப் பதினொரு பேர் வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை! அந்த சீசனில் 46 ஆட்டங்களில் நான்கே வெற்றி, 26 புள்ளி. ஒரு ரசிகரோடு குறுஞ்செய்தியில் தகாத வார்த்தைகளில் சண்டை போட்டதற்காகத் தலைவர் கார்லுக்கு கால்பந்து சங்கம் ஆறு வாரத் தடையும் 40,000 பவுண்டு அபராதமும் விதித்தது. 'ஆய்ஸ்டன் வெளியேறு' என்று ரசிகர்கள் கத்தியபோது, அதையே நம்பர் பிளேட்டாக வாங்கித் தன் காரில் மாட்டிக்கொண்டவர் அவர். குடும்பத்தைப் பற்றி எழுதிய ரசிகர்கள் மேல் அவதூறு வழக்குகளும் போடப்பட்டன. ஓய்வு பெற்ற ஒரு முதியவர் 20,000 பவுண்டு கட்ட வேண்டி வந்தது. 2015 மே 2 அன்று ஹடர்ஸ்ஃபீல்டோடு கடைசி ஆட்டம். இரண்டாம் பாதி தொடங்கியதுமே ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி நடுவட்டத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்டம் கைவிடப்பட்டது.

அதற்குப் பிறகு வந்த கோடையில் புதுப்பித்தல் படிவம் வந்தபோது, ஒவ்வொரு வீட்டிலும் அது ஒரு குடும்பப் பிரச்சினை ஆனது.

யோசித்துப் பாருங்கள். முப்பது வருடம் விடாமல் போன ஒருவர். இப்போது புதுப்பிக்காவிட்டால் நாற்காலி போய்விடும். புதுப்பித்தால் அந்தச் சில நூறு பவுண்டு யார் பைக்குப் போகும் என்று தெரியும். பொருளாதாரப் பாடம் 'ஏற்கெனவே செலவானதை மறந்துவிடு, இனிமேல் வருவதை மட்டும் பார்' என்று சொல்லும். சங்க் காஸ்ட் என்பார்கள். ஆனால் ரசிகனுக்கு அந்த முப்பது வருடம்தான் சொத்து. அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

'நாட் எ பென்னி மோர்' என்பதுதான் அவர்களின் கோஷம். ஆய்ஸ்டன் குடும்பத்துக்கு இனி ஒரு பென்னி கூட கிடையாது. டிக்கெட் வாங்கக் கூடாது, சட்டை வாங்கக் கூடாது, மைதானத்தில் டீ கூட வாங்கக் கூடாது. இதில் ஒரு சுவாரசியமான நுணுக்கம் உண்டு. லீக் ஆட்டத்தில் டிக்கெட் பணம் மைதானத்துச் சொந்தக்காரருக்கே போகும். எனவே வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் ஆய்ஸ்டனுக்கு ஒன்றும் கிடைக்காது. சொந்த ஊரில் இரண்டு தெரு தள்ளி இருக்கும் மைதானத்துக்குப் போகாமல், பல மணி நேரம் பஸ் ஏறி எங்கோ போய் அதே அணிக்காகக் கத்தியவர்கள் பலர். இவர்கள் ஆர்வம் குறைந்து ஒதுங்கியவர்கள் இல்லை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970ல் ஒரு புத்தகம் எழுதினார். ஒரு நிறுவனம் கெட்டுப்போனால் அதைச் சேர்ந்தவர்களுக்கு இரண்டு வழி: விலகிப் போவது, அல்லது உள்ளே இருந்து குரல் கொடுப்பது. எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதை விசுவாசம் முடிவு செய்யும் என்றார். சோப்பு பிடிக்கவில்லை என்றால் வேறு சோப்பு வாங்கலாம். பிளாக்பூல் ரசிகன் பக்கத்து ஊர் பிரெஸ்டனுக்குப் போவானா? செத்தாலும் மாட்டான்! (அவர்கள்தான் பரம எதிரிகள்.) வேறு கடை இல்லாத வாடிக்கையாளர் அவன். அதனால் இங்கே விலகிப் போவதே குரலாக மாறியது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். புதுப்பித்தவர்களும் இருந்தார்கள். ஆட்டக்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள், காலி மைதானத்தில் ஆட விட்டால் அணி இன்னும் கீழே போகாதா என்று கேட்டார்கள். வாரம் ஒரு முறை வீட்டை விட்டு வெளியே வருவதே ஆட்டத்துக்காகத்தான் என்ற முதியவர்களும் இருந்தார்கள். எழுபத்தைந்து வயதுக்காரரிடம் 'நான்கு வருடம் பொறுங்கள்' என்று சொல்வது எளிதா? மைதான வாசலில் நின்று உள்ளே போகிறவர்களைத் துரோகி என்று திட்டியதும் நடந்தது. இருபது வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள் பேசிக்கொள்ளாமல் போனார்கள். புறக்கணிப்பு சரி என்று எடுத்துக்கொண்டாலும் இந்தத் திட்டல் சரியில்லை. அவரவர் இழப்பு அவரவருக்குத்தான் தெரியும்.

அணி 2016ல் இன்னும் ஒரு படி இறங்கி நான்காம் பிரிவுக்குப் போனது. 2016-17ல் சராசரிக் கூட்டம் 3,500ஐக் கூடத் தொடவில்லை. ஆனால் அந்த வருடமே அணி வெம்ப்ளி இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டது! என்ன செய்வது? அந்த டிக்கெட் பணமும் சுற்றி வளைத்து கிளப்புக்குத்தான் போகும் என்று புறக்கணித்தவர்கள் அதற்கும் போகவில்லை. 2010ல் கார்டிஃபோடு ஆடியபோது வெம்ப்ளியில் 82,244 பேர். 2017ல் எக்ஸிடரை 2-1 என்று வென்றபோது 23,380 பேர், அதில் பெரும்பாலோர் எக்ஸிடர்காரர்கள். தங்கள் அணி கோப்பை தூக்குவதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த மாலை எப்படி இருந்திருக்கும்!

சரி, புறக்கணிப்பு ஜெயித்ததா? நேர்மையாகப் பார்த்தால் நேரடியாக ஜெயிக்கவில்லை. தொலைக்காட்சிப் பணம் வந்துகொண்டிருக்கும்போது டிக்கெட் பணம் நின்றால் முதலாளிக்குப் பெரிதாக வலிக்காது. அவரை வீழ்த்தியது பங்குதாரர் பெலோகோன் போட்ட வழக்கு. 2017 நவம்பர் 6 அன்று உயர் நீதிமன்ற நீதிபதி மார்க்கஸ் ஸ்மித் தீர்ப்பளித்தார். ஆய்ஸ்டன் தரப்பு கிளப்பை முறையற்ற விதத்தில் உரித்தெடுத்திருக்கிறது, வெளியே போன தொகை 2 கோடியே 67 லட்சம் பவுண்டுக்கு மேல், பெலோகோனின் பங்குகளுக்காக 3 கோடியே 12 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுக்க வேண்டும் என்பது தீர்ப்பு. ரசிகர்கள் வருடக்கணக்கில் கத்தியதை நீதிமன்றம் எண்களில் எழுதிக் கொடுத்தது.

ஆனால் கடன்பட்டவர் கொடுத்து முடிக்கவில்லை. வாங்க ஆள் தேட வேண்டும் என்றால், மூவாயிரம் பேர் வரும் மைதானத்தை யார் நல்ல விலைக்கு வாங்குவார்கள்? காலி நாற்காலிகள் வேலை செய்தது இங்கேதான். ஆய்ஸ்டன் பிடியில் இருக்கும் வரை இந்தக் கிளப்புக்கு மதிப்பில்லை, அவர் போனால் பதினைந்தாயிரம் பேர் திரும்பி வருவார்கள் என்பதை அந்தக் காலி இடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்லோருக்கும் காட்டிக்கொண்டே இருந்தது. 2019 பிப்ரவரியில் நீதிமன்றம் ஒரு ரிசீவரை நியமித்தது. அதே மாதம் ஓவன் ஆய்ஸ்டன் இயக்குநர் குழுவில் இருந்து நீக்கப்பட்டார். ஜூனில் சைமன் சாட்லர் என்ற பிளாக்பூல்காரர், சின்ன வயதில் இருந்தே அந்த அணியின் ரசிகர், 96.2 சதவீதப் பங்குகளை வாங்கினார்.

அதற்கு முன்பே, 2019 மார்ச் 9 அன்று, சவுத்எண்டோடு ஆட்டம். ஆய்ஸ்டன் இல்லாத மைதானத்துக்கு எல்லோரும் ஒன்றாகத் திரும்பிப் போகலாம் என்று ரசிகர்கள் குறித்துவைத்த நாள். மைதானத்தில் 15,871 பேர். போகாமல் இருந்தவர்களும் விடாமல் போனவர்களும் ஒரே வரிசையில். பழைய நாற்காலியைத் தேடிப் போனவர்களில் சிலருக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் இல்லை. நான்கு வருடம் என்பது வயதானவர்களுக்கு நீண்ட காலம். ஆட்டம் ஒன்றும் பிரமாதமில்லை. பிளாக்பூல் தோற்கப்போகிறது என்றிருந்த நேரத்தில், ஆட்டம் முடியப்போகும் தறுவாயில் ஒரு கோல் விழுந்தது. 2-2. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் எல்லோரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.