சாகத்தான் பிறந்தாளா யூனிட்டி?

பேச்சில்லை, பாட்டில்லை. வெண்திரையிலே நிழல்கள் அசைகின்றன. இடையிடையே எழுத்துகள் தோன்றி மறைகின்றன. அத்தகைய ஊமைப்படம் ஒன்று 1918ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அமெரிக்காவிலே வெளிவந்தது. பெயர், 'ஸ்டெல்லா மாரிஸ்'. வில்லியம் லாக் என்ற ஆங்கில எழுத்தாளர் 1913இல் வெளியிட்ட புதினத்தைத் தழுவியது. பிரான்சஸ் மேரியன் என்ற பெண்மணி திரைக்கதை தீட்டினார். மார்ஷல் நீலன் இயக்கினார். காதற்கதைதான். ஆயினும், தோழர்களே, காதலினும் பெரிய வழக்கொன்று அதிலே புதைந்து கிடக்கிறது. அந்த வழக்கையே நாம் இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

கதை நிகழுமிடம் இங்கிலாந்து. அங்கே இரு பெண்கள். மாளிகையிலே ஒருத்தி, ஸ்டெல்லா, நடக்க இயலாதவள். உலகில் துன்பமென ஒன்று உண்டு என்பதே அவள் செவிக்கு எட்டாதபடி உறவினர் காத்து வருகின்றனர். அனாதை விடுதியிலே மற்றொருத்தி, யூனிட்டி. துன்பத்தைத் தவிர வேறொன்றும் அறியாதவள். ஒருத்திக்கு மறைக்கப்பட்டது உலகம். மற்றவளுக்கு மறுக்கப்பட்டது வாழ்வு!

இருவராகவும் நடித்தவர் ஒருவரே, மேரி பிக்ஃபோர்டு. 1892இல் கனடாவின் டொராண்டோ நகரிலே பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்து, குடும்பத்தைக் காக்கச் சிறுமியாக மேடையேறியவர். 1916இல் வாரம் 10,000 டாலர் ஊதியம் பெறும் நிலைக்கு உயர்ந்தவர். பொற்சுருள் கூந்தலுக்காக மக்கள் போற்றிய அவர், யூனிட்டிக்காக அக்கூந்தலை எண்ணெயிட்டுப் படியவாரி, தோளைச் சாய்த்து, அழகு முழுவதையும் துறந்து நின்றார். ஒரே படச்சுருளில் இருமுறை ஒளியைப் பதியச்செய்து, இருவரையும் ஒரே காட்சியிலே தோன்றச்செய்தனர். வறுமை பூட்டிய கோலத்தையும் செல்வம் பூட்டிய கோலத்தையும் களைந்துவிட்டால் இருவரும் ஒரே பெண்! இதைவிடத் தெளிவாகச் சமத்துவம் பேசவும் வேண்டுமோ?

யூனிட்டியை விடுதியிலிருந்து அழைத்துச் செல்பவள் லூயிசா. மகளாக வளர்க்கவா? இல்லை, வேலைக்காரியாக வைத்துக்கொள்ள! குடிவெறியிலே அச்சிறுமியைக் குற்றுயிராகுமளவு அடிக்கிறாள், சிறை செல்கிறாள். லூயிசாவின் கணவன் ஜான், யூனிட்டிக்குப் புகலிடம் தருகிறான். அன்பையே அறியாத அவள், அவன்மீது காதல் கொள்கிறாள். அவனோ ஸ்டெல்லாவை விரும்புகிறான். ஆளில்லா வேளையிலே அவனது மேலங்கியின் கையைத் தன்மீது சுற்றிக்கொண்டு, அணைப்பென்று எண்ணி மகிழ்கிறாள் அந்த ஏழை. அவளுக்குக் கிட்டிய இன்பம் அவ்வளவே!

ஸ்டெல்லா சிகிச்சையால் நடக்கத் தொடங்குகிறாள். சிறை மீண்ட லூயிசா குறுக்கே நிற்கிறாள். முடிவு? யூனிட்டி துப்பாக்கி எடுக்கிறாள். லூயிசாவைக் கொன்று தானும் மாள்கிறாள். வழி பிறக்கிறது, காதலர் இணைகின்றனர். பார்ப்போர் கண்ணீர் சொரிந்து, 'என்னே தியாகம்!' என்கின்றனர்.

தியாகமா? யாருக்காக யார் செய்தது?

'விதி' என்பர் சிலர். நாம் ஏடுகளைப் புரட்டிப் பார்க்கிறோம். இங்கிலாந்தின் 1857ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டப்படி, மனைவி பிறரோடு கூடினாள் என்று மெய்ப்பித்தாலன்றிக் கணவன் விலக்குப் பெற இயலாது. அவள் குடித்தாலும், குழந்தையை வதைத்தாலும், சிறை சென்றாலும் அவை காரணமாகா. மனைவி விலக்குக் கேட்டாலோ நிபந்தனைகள் இன்னும் கடுமை. 1937இல்தான் கொடுமை, கைவிடல், தீராத மனநோய் ஆகியனவும் காரணங்களாயின. மீளாது முறிந்த மணவாழ்வே போதிய காரணம் என்றது 1969ஆம் ஆண்டுச் சட்டம். சிறுவரை வதைப்போரைத் தண்டிக்க 1889இலேயே சட்டம் இருந்தது. ஆனால் தத்தெடுப்பை முறைப்படுத்தும் சட்டம் பிறந்ததோ 1926இல்! அடித்தபின் தண்டிக்கத் தெரிந்த நாட்டுக்கு, அடிபடுமுன் காக்கத் தோன்றவில்லை.

விதி எங்கே இருக்கிறது? ஏட்டில் எழுதிய சட்டமே இருக்கிறது. மனிதர் எழுதினர்; மனிதரே திருத்தினர். திருத்த இயலும் ஒன்றுக்குத் தலையெழுத்தென்று பெயரிடுவது ஏமாற்றல்லவா? சட்டம் திறக்கவேண்டிய கதவை, ஓர் அனாதையின் பிணத்தால் திறக்கச்செய்தது அக்கதை. கொலையையும் தற்கொலையையும் நாம் போற்றவில்லை. அவள் வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறோம். கல்வியும் தொழிலும் பெற்று, தன்மானத்தோடு வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறோம்.

யூனிட்டிக்கு இரக்கம் கிடைத்தது, உரிமை கிடைக்கவில்லை. இரக்கம் கொடுப்பவன் விருப்பம். உரிமை பெறுபவள் சொத்து. ஸ்டெல்லாவிடம் உலகத்தை மறைத்தவர்கள் அதனை அன்பென்றே நம்பினர். ஆனால் அவள் காணாததால் ஒரு பிச்சைக்காரனின் பசியேனும் தீர்ந்ததா?

இளைஞர்களே! ஏழையின் தியாகத்தைக் காட்டி எவரேனும் உங்களை அழவைத்தால், அழுங்கள், அது மனிதத்தன்மை. அழுது முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: 'தியாகம் செய்வதற்கு எப்போதும் ஏழையே ஏன் அழைக்கப்படுகிறாள்?' அக்கேள்விக்கு விடை தேடப் புறப்படுவதே யூனிட்டிக்கு நாம் செலுத்தும் அஞ்சலி.