பாகவதர்: சிறைக்கு முன் ஒன்பது, பின் ஐந்து

ஹுத்தான் மெலிந்தாங்கில் என் படிவம் ஐந்து வகுப்பில் எம்.கே. தியாகராஜ பாகவதரைப் பற்றி வரலாற்றுக் கட்டுரை எழுதச் சொன்னேன். முக்கால்வாசிப் பேர் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்: சிறைக்குப் போனார், புகழ் போச்சு. இது பாதி விடைதான். ஏன் என்று பாருங்கள்.

1910ஆம் ஆண்டு மாயவரத்தில் பிறந்த பாகவதர் திருச்சியில் வளர்ந்தார். சிறுவனாக லோகிதாசன் வேடமேற்று மேடையேறினார். மேடையில் நடித்துப் பேர் வாங்கிய 'பவளக்கொடி'யே 1934இல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் அவருடைய முதல் படமானது. ஏறக்குறைய 50 பாடல்கள்! கேட்டதும் மாணவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் அப்போது தமிழ் பேசும்படத்துக்கு வயது மூன்றுதான். பின்னணி பாடும் வழக்கம் இல்லை. நடிப்பவரே பாட வேண்டும். குரல் இல்லாதவருக்குக் கதாநாயகன் வேடம் கிடைப்பது கஷ்டம்.

1937இல் 'சிந்தாமணி'யும் 'அம்பிகாபதி'யும் அவரை உச்சிக்குக் கொண்டுபோயின. 'அம்பிகாபதி'யை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் தமிழே தெரியாத அமெரிக்கர். 1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வந்தது. சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளி கண்ட படம் அது.

நம்ம பக்கம் அப்போது என்ன நிலைமை? மலாயா ஜப்பானியர் கையில் இருந்தது. மதராஸ் கப்பல் நின்றுபோயிருந்தது. தோட்டத்து ஆட்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோய், பலர் திரும்பாமல் போன காலம். லயங்களில் மரவள்ளிக்கிழங்கே சோறு. 1945இல் ஜப்பானியர் போனபோது பாகவதர் சிறையில் இருந்தார்.

1944 நவம்பரில் 'இந்துநேசன்' ஏட்டின் லட்சுமிகாந்தன் குத்திக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள், 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. 1947இல் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுதலையானார்கள்.

இங்கேதான் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். ஒரே வழக்கு, ஒரே தண்டனை, ஒரே விடுதலை. ஆனால் கலைவாணர் 'நல்லதம்பி' (1949), 'மணமகள்' (1951) என்று மறுபடி எழுந்து நின்றார். பாகவதரின் 'ராஜ முக்தி' (1948) ஓடவில்லை. சிறைதான் முழுக் காரணம் என்றால் இருவருமே விழுந்திருக்க வேண்டுமே?

அவர் உள்ளே இருந்த காலத்தில் சினிமா மாறிக்கொண்டிருந்தது. பின்னணிப் பாடகர்கள் வந்தபின் நாயகனுக்குப் பாடத் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. பாட்டுக்காகப் போன கூட்டம் வசனத்துக்காகப் போகத் தொடங்கியது. அவர் விடுதலையான அதே 1947இல்தான் 'ராஜகுமாரி' எம்.ஜி.ஆரை நாயகனாக்கியது. 1952இல் பாகவதரின் 'அமரகவி', 'சியாமளா' இரண்டும் வந்தன. மக்கள் அந்த ஆண்டு பேசியது 'பராசக்தி'யை. கலைவாணருக்குப் பேச்சே மூலதனம், அதனால் புதிய காலத்திலும் இடம் கிடைத்தது. பாகவதரின் மூலதனம் பாட்டு. அவரை நேசித்தவர்களுக்கு இது கசக்கும், எனக்கும்தான்.

1957இல் 'புது வாழ்வு' படத்தைத் தாமே இயக்கிப் பார்த்தார். அதுவும் கைகொடுக்கவில்லை. 1959 நவம்பர் 1ஆம் நாள், 49 வயதில், காலமானார். அவருடைய பதினான்காவது படமான 'சிவகாமி' அடுத்த ஆண்டுதான் திரைக்கு வந்தது.