கரித்துண்டு சொன்ன சாட்சி



'ஓர் இனத்துக்கு அடையாளம் தருவது இலக்கியமே' என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டுப் போயிருக்கிறார். நானும் தமிழ் வாத்தியார்தான். ஆனாலும் அறிவியல் ஆராய்ச்சியின் பக்கம் நிற்கிறேன். ஏன் தெரியுமா?

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ராஜபாளையத்தில் பேசினேன். 'இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முன்பே வைகைக் கரையில் ஊர் கட்டி வாழ்ந்தவன் தமிழன்' என்றேன். கைதட்டல் அடங்கவே நேரமாச்சு. மேடையை விட்டு இறங்கினால், ஸ்ரீவில்லிபுத்தூர் மாணவி ஒருத்தி நிற்கிறாள். "ஐயா, எங்க ஊர்ல எல்லாக் கடையிலயும் 'ஒரிஜினல் பால்கோவா'ன்னுதான் போர்டு. வாயில போட்டாத்தானே தெரியும்? நீங்க சொன்னதுக்கு ஆதாரம் என்ன?"

எனக்குப் பேச்சே வரலீங்க!

பதில் கீழடியில் கிடைத்தது. 2015-இல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது. பிறகு தமிழகத் தொல்லியல் துறை தொடர்ந்தது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரி, அமெரிக்க ஆய்வகத்துக்குப் போனது. உயிர் போன பொருளில் கார்பன்-14 தேய்ந்துகொண்டே வரும். 5,730 ஆண்டில் பாதியாகிவிடும். மிச்சத்தை அளந்தால் வயது தெரியும். கி.மு. 580 என்று வந்தது!

2019-இல் அறிக்கை வெளியானதும் ஜனங்கள் குடும்பம் குடும்பமாகக் கீழடிக்குக் கிளம்பினார்கள். அங்கே பார்த்தது அரண்மனையை அல்ல. செங்கல் சுவரை, உறைகிணற்றை, 'ஆதன்' என்று பெயர் கீறிய பானை ஓட்டை. அதுவரை மூவேந்தரைச் சொல்லிப் பெருமைப்பட்டவன், பானையில் பேர் எழுதிய சாமானியனையும் பாட்டனாக ஏற்றுக்கொண்டான். ராஜபாளையத்துக்குக் கிழக்கே, அதே விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டையில் 2022-இல் தோண்டினார்கள். சங்கு வளையல் வந்தது. அதைப் பார்க்கிற தாய்மார்கள் தன் கையையும் ஒருதரம் பார்ப்பார்களா, மாட்டார்களா?

"ஆராய்ச்சி நம்ம பெருமையைக் குறைச்சுச் சொன்னா என்ன செய்வீங்க?" என்று எதிரணி கேட்கலாம். நல்ல கேள்வி! 1912-இல் இங்கிலாந்தில், பில்ட்டவுன் என்ற ஊரில் கிடைத்ததாக ஒரு மண்டையோட்டைக் காட்டி, 'ஆதிமனிதன் எங்க ஊர்க்காரன்' என்று மார்தட்டினார்கள். 1953-இல் அதே நாட்டு ஆய்வகத்தில் குட்டு உடைந்தது. மண்டை மனிதனுடையது, தாடை குரங்கினுடையது! பொய்ப் பெருமை போனது. உண்மையை ஒப்புக்கொண்ட மரியாதை நின்றது.

நாளைக்கு ஒரு குழி நம் வயதைக் குறைத்துச் சொன்னாலும் தலைவணங்க வேண்டும். கூட்டிச் சொன்னால் கைதட்டுவது, குறைத்துச் சொன்னால் கல்லெறிவது என்றால், அது அடையாளம் அல்ல, வெறும் ஆசை.

அந்த மாணவிக்கு இன்றைக்குப் பதில் சொல்கிறேன்: "ஆதாரம் இருக்கும்மா. அதைச் சோதிச்சுப் பார்க்கிற உரிமையும் உனக்கு இருக்கு."