அப்பம் கொடுத்து எழுத்து வாங்கிய சிறுவன்



ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நிற்கும்போது, பெற்றோர் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “ஐயா, பிள்ளை ஆங்கில இலக்கணத்தில் நல்ல மதிப்பெண் வாங்குகிறான். ஆனால் நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போல் எழுதவோ பேசவோ வரவில்லை. என்ன செய்யலாம்?” மொழி கற்பிக்கும் முறைகளை ஆசிரியர்கள் அறிவார்கள். நான் உங்களுக்குச் சொல்லக்கூடியது ஒரு மனிதனின் வரலாறு மட்டுமே. பள்ளிக்கூடத்து வாசலை ஒரு நாளும் மிதியாமல், தெருவிலும் கப்பல் துறையிலும் ஒரு பழைய புத்தகத்திலுமாக ஆங்கிலம் கற்று, அந்த மொழியின் மிகச்சிறந்த பேச்சாளர்களுள் ஒருவராக உயர்ந்த பிரெடரிக் டக்ளஸின் வரலாறு அது. திருச்சபையார் ஆகிய நாம் தலைகுனிந்து வாசிக்க வேண்டிய பக்கமும் அதில் இருக்கிறது.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், 1818ஆம் ஆண்டில், ஓர் அடிமைத் தாயின் மகனாகப் பிறந்தவர் அவர். பிறந்த நாளைக் குறித்து வைப்பார் ஒருவரும் இல்லை. ஏறக்குறைய எட்டு வயதில், 1826இல், பால்டிமோர் நகரத்தில் கப்பல் கட்டும் தொழிலில் இருந்த ஹியூ ஆல்ட் என்பவரின் வீட்டுக்கு அனுப்பப்பட்டான் அந்தச் சிறுவன். அவருடைய மனைவி சோபியா அதுவரை அடிமை எவரையும் வைத்து வேலை வாங்கியவர் அல்லர். கணவர் வெளியே சென்றிருக்கும் நேரங்களில் வேதாகமத்தை உரத்த குரலில் வாசிப்பது அவருடைய வழக்கம். அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு, தாளில் இருக்கும் கறுப்புக் கோடுகள் எப்படிப் பேசுகின்றன என்று சிறுவன் வியந்தான். எனக்கும் கற்றுத் தாருங்கள் என்று கேட்டான். அந்த அம்மையார் மறுக்கவில்லை. எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தார், மூன்று நான்கு எழுத்துள்ள சிறு சொற்களைக் கூட்டி வாசிக்கவும் பழக்கினார்.

மகிழ்ச்சியோடு அதைக் கணவரிடம் சொன்னபோது, பாடம் அன்றோடு நின்றது. அடிமைக்கு எழுத்தறிவிப்பது சட்டத்துக்கு விரோதம், ஆபத்தும்கூட என்று ஹியூ ஆல்ட் கடிந்துகொண்டார். படித்தவனை அடிமையாக வைத்திருக்க முடியாது என்பதே அவருடைய வாதம். தம் கருத்தை வலியுறுத்த அவர் ஒரு பழமொழியையும் சொன்னார்: அங்குலம் கொடுத்தால் முழத்தை எடுத்துக்கொள்வான் என்பது அதன் பொருள். ‘இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்’ என்று நம் ஊரில் சொல்வதில்லையா, அதைப் போன்றது.

அருகில் நின்ற சிறுவனின் நெஞ்சில் அந்தப் பழமொழி ஆழமாகப் பதிந்தது. எதைக் கொடுத்தால் தன்னை அடக்கி வைக்க முடியாமல் போகும் என்று எசமான் அஞ்சுகிறாரோ, அதுவே தன் விடுதலையின் வழி என்று அவன் உணர்ந்துகொண்டான். பிற்காலத்தில் தன் வரலாற்றை எழுதியபோது, அதே பழமொழியை எடுத்து எசமானுக்கு எதிராகவே திருப்பினார்: எழுத்துகளைக் கற்பித்தபோதே அந்த அம்மையார் அங்குலத்தைக் கொடுத்துவிட்டார், பிறகு எந்தக் காவலாலும் முழத்தைத் தடுக்க முடியவில்லை என்றார். உருவக மொழியில் அவர் பெற்ற முதல் பாடம் ஓர் எசமானின் வசைமொழியிலிருந்து வந்தது.

பிறகு சோபியாவும் மாறினார். மென்மையான அந்த மனம் நாளடைவில் இறுகியது. சிறுவனின் கையில் செய்தித்தாளைக் கண்டால் கணவரைவிட அதிகமாகச் சினந்து அதைப் பறித்தார். அடிமைமுறை தன்னைக் கெடுத்தது போலவே அவரையும் கெடுத்தது என்று டக்ளஸ் எழுதியிருக்கிறார். தம்மை வதைத்தவருக்காகவும் இரங்கும் அந்த வரிகளை நான் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

வீட்டில் கதவு அடைபட்டபின், தெருவே பள்ளியாயிற்று. கடைக்கு அனுப்பப்படும்போதெல்லாம் சிறுவன் தன்னோடு ரொட்டித் துண்டுகளை எடுத்துச் சென்றான். அந்தத் தெருவிலிருந்த ஏழை வெள்ளைக்காரப் பிள்ளைகள் பலர் பசியோடு இருந்தார்கள். அவன் அவர்களுக்கு அப்பம் கொடுத்தான். அவர்கள் அவனுக்கு எழுத்துக் கொடுத்தார்கள். கப்பல் கட்டும் இடத்தில் தச்சர்கள் மரங்களின்மேல் குறியிட்டு வைத்த எல், எஸ், எஃப், ஏ என்ற நான்கு எழுத்துகளைப் பார்த்து எழுதப் பழகினான். அவை கப்பலின் இடப்புறம், வலப்புறம், முன்புறம், பின்புறம் என்பவற்றைக் குறித்தன. எழுதத் தெரிந்த பையன்களைச் சந்தித்தால், “உன்னைப்போல் எனக்கும் எழுதத் தெரியும்” என்று சவால் விடுவான். அவர்கள் நம்ப மாட்டார்கள். தெரிந்த நான்கு எழுத்துகளை எழுதிக் காட்டி, இதை மிஞ்ச முடியுமா என்பான். அவர்கள் மிஞ்சிக் காட்டும்போது புதிய எழுத்துகளைப் பார்த்துக்கொள்வான். சுவரும் வேலியும் நடைபாதையும் அவனுக்குப் பலகை. ஒரு சுண்ணக்கட்டியே எழுதுகோல். பால்டிமோர் தெருச்சாக்கடைகளில் சிதறிக் கிடந்த வேதாகமத் தாள்களைப் பொறுக்கி, கழுவி உலர்த்தி வாசித்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். நம் வீடுகளில் அலமாரியில் தூசி படிந்திருக்கும் வேதப்புத்தகங்களை அப்போது நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு வயதளவில், காலணிகளுக்கு மெருகிட்டுச் சேர்த்த ஐம்பது சென்ட் காசைக் கொடுத்து அவன் ஒரு புத்தகம் வாங்கினான். கேலப் பிங்காம் தொகுத்து 1797இல் வெளியிட்ட ‘கொலம்பியன் ஆரேட்டர்’ என்ற நூல் அது. பள்ளி மாணவர் பேச்சுப் பயிற்சி பெறுவதற்காக உரைகளும் உரையாடல்களும் கவிதைகளும் சேர்க்கப்பட்ட தொகுப்பு. அதில் ஓர் எசமானுக்கும் அடிமைக்கும் இடையே நடக்கும் உரையாடல் இருந்தது. தப்பியோடிப் பிடிபட்ட அடிமை, எசமானின் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கிறான். முடிவில் எசமான் அவனை விடுதலை செய்கிறார். அயர்லாந்துக் கத்தோலிக்கரின் உரிமைக்காக வாதாடும் உரையொன்றும் அந்நூலில் இருந்தது. சிறுவன் இவற்றைத் திரும்பத் திரும்ப வாசித்தான்.

இங்கே சற்று நின்று கவனியுங்கள். ‘இப்படியானால் அப்படியாகும்’ என்னும் நிபந்தனை வாக்கியம் இலக்கண நூலில் ஒரு விதி. அந்த உரையாடலிலோ ஒரு மனிதனின் கழுத்துச் சங்கிலி அந்த வாக்கியத்தால் அறுபடுகிறது. கேள்வி எப்படித் தொடுக்கப்படுகிறது, எதிராளியின் சொல்லை எடுத்தே எப்படி மறுமொழி கூறுவது, எந்த இடத்தில் வாக்கியத்தை நிறுத்துவது என்பவற்றை அவன் அங்கே கண்டான். தன் உள்ளத்தில் மின்னி, சொல்லின்றி மறைந்த எண்ணங்களுக்கு அந்தப் பக்கங்கள் நாவைக் கொடுத்தன என்பது அவருடைய சாட்சி.

சொல்வளம் எப்படி வந்தது என்பதற்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. ‘அபாலிஷன்’ என்ற சொல்லைப் பெரியவர்கள் சினத்தோடு உச்சரிப்பதை அவன் அடிக்கடி கேட்டான். ஓர் அடிமை தப்பியோடினாலும், களஞ்சியத்துக்குத் தீ வைத்தாலும், அதற்கு அந்தச் சொல்லே காரணமாகக் கூறப்பட்டது. அகராதியைப் புரட்டினான். ‘ஒழிக்கும் செயல்’ என்று மட்டும் அது சொன்னது. எதை ஒழிப்பது? யாரிடமும் கேட்கத் துணிவில்லை. நெடுநாள் காத்திருந்தபின் ஒரு செய்தித்தாள் கிடைத்தது. தலைநகரப் பகுதியில் அடிமைமுறையை ஒழிக்க வேண்டும் என்று வடமாநிலத்தார் அனுப்பிய விண்ணப்பங்களைப் பற்றிய செய்தி அதில் இருந்தது. சொல்லின் பொருள் அன்று விளங்கியது. தன்னைப்போன்றோருக்காக மன்றாடும் மனிதர் எங்கோ இருக்கிறார்கள் என்பதையும் அன்றே அறிந்தான்.

ஆனால் வாசிப்பு அவனுக்கு இன்பத்தை மட்டும் தரவில்லை. தன் நிலை எவ்வளவு கொடியது என்பதைக் காட்டிய புத்தகம், அதிலிருந்து ஏறி வர ஏணியைக் காட்டவில்லை. படிக்காமலே இருந்திருக்கலாமோ என்று நினைத்து, ஒன்றும் அறியாத விலங்குகளைக் கண்டு பொறாமைப்பட்ட நாட்களும் அவனுக்கு இருந்தன. அந்நாட்களில் அவனைத் தாங்கியவர், வண்டியோட்டிப் பிழைத்த லாசன் என்னும் கறுப்பினப் பெரியவர். எழுத்து அதிகம் அறியாத அவருக்குக் கடினமான சொற்களைச் சிறுவன் வாசித்துக்கொடுத்தான். வேதவசனத்தின் உட்பொருளை அவர் அவனுக்கு விளக்கினார். அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில் இரதத்தில் அமர்ந்து வாசித்த எத்தியோப்பிய மந்திரியும், அருகே ஓடிச் சென்ற பிலிப்பும் உங்கள் நினைவுக்கு வரலாம்.

இனி, நாம் தலைகுனிய வேண்டிய பக்கத்துக்கு வருகிறேன். 1833இல் டக்ளஸ் செயின்ட் மைக்கேல்ஸ் என்ற ஊரில் இருந்தார். அங்கே அடிமைகள் புதிய ஏற்பாட்டை வாசிக்கக் கற்பதற்காகச் சிறிய ஓய்வுநாள் பாடசாலை ஒன்று தொடங்கப்பட்டது. சில வாரங்களுக்குள் தடிகளோடும் எறிபொருள்களோடும் வந்து அதைக் கலைத்தவர்கள் யார்? சபையில் வகுப்புத் தலைவர்களாக இருந்தவர்கள். மறுபடியும் 1835இல், வேறொரு பண்ணையில் இருந்தபோது, விடுதலை பெற்ற ஒரு கறுப்பின மனிதரின் வீட்டில் டக்ளஸ் இரகசியமாகப் பாடசாலை நடத்தினார். நாற்பதுக்கும் மேற்பட்டோர் அங்கே கூடினார்கள். பிடிபட்டால் சவுக்கடி என்று அறிந்தே வந்தார்கள். அந்த வீட்டுக்காரரின் பெயரை, அவருக்குத் தீங்கு நேரும் என்று அஞ்சி, தம் நூலில் அவர் எழுதவில்லை.

1838 செப்டம்பர் 3ஆம் நாள் அவர் தப்பி வடக்கே சென்றார். பிடிபடாதிருக்கப் புதிய பெயர் தேவைப்பட்டது. நியூ பெட்ஃபோர்டு நகரில் அவருக்கு அடைக்கலம் தந்த நேதன் ஜான்சன், அப்போது வால்டர் ஸ்காட்டின் ‘லேடி ஆஃப் தி லேக்’ என்ற காவியத்தை வாசித்துக்கொண்டிருந்தார். அதில் வரும் பாத்திரத்தின் பெயரான டக்ளஸ் என்பதை அவரே தெரிந்து கொடுத்தார். பேச்சு மட்டுமல்ல, பெயரும் அவருக்கு இலக்கியம் தந்த கொடை.

மேடைகளில் அவர் பேசிய ஆங்கிலத்தைக் கேட்டவர்கள், இவர் அடிமையாக இருந்தவராக இருக்க முடியாது என்று ஐயுற்றார்கள். அதற்கு விடையாக 1845இல் எசமான்களின் பெயர்களையும் ஊர்களையும் குறிப்பிட்டுத் தன் வரலாற்றை வெளியிட்டார். செசபீக் விரிகுடாவின் கரையில் நின்று, வெள்ளைப் பாய் விரித்துச் செல்லும் கப்பல்களை உயிருள்ளவை போல் விளித்துப் பேசும் பகுதி அந்நூலில் உண்டு. அவை கட்டவிழ்ந்து செல்ல, தான் கட்டுண்டு நிற்கும் துயரம் அங்கே பேசுகிறது. 1847இல் தொடங்கிய இதழுக்கு, தப்பியோடியவர்களுக்கு இரவில் வழிகாட்டிய வடமீனின் பெயரை வைத்தார். 1852 ஜூலை 5ஆம் நாள் ராச்செஸ்டர் நகரில், அமெரிக்க விடுதலை நாளையொட்டிப் பேச அழைக்கப்பட்டபோது, சங்கீதம் 137ஐ எடுத்தாண்டார். பாபிலோனின் ஆறுகளண்டையில் அழுதவர்களிடம் சீயோனின் பாட்டைக் கேட்டது போல, அடிமையின் இனத்தானிடம் விடுதலைப் புகழ்ச்சியைக் கேட்கிறீர்களோ என்பதே அவருடைய கேள்வி. சாக்கடைத் தாள்களைக் கழுவி வாசித்தவர், அந்த வேதத்தின் உவமையைக் கொண்டே வேதம் அறிந்தவர்களை நியாயந்தீர்த்தார். ஆயினும் கிறிஸ்துவின் மார்க்கத்தை அவர் வெறுக்கவில்லை. அடிமைக்காரரின் மார்க்கம் அதுவல்ல என்று தம் நூலின் இறுதியில் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்.

பிரியமானவர்களே, உங்கள் பிள்ளை ஆங்கிலமோ தமிழோ எதைக் கற்றாலும், இலக்கண விதிகளோடு ஒரு நல்ல நூலையும் அவன் கையில் கொடுங்கள். அதை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். விளங்காத சொல்லை அகராதியில் பார்த்தபின், அது வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிக்க நேரம் கொடுங்கள். பிறகு, கற்றதை எழுத்தறியாத ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பழக்குங்கள்.

நம் சபையிலும் கண் மங்கியவர்கள் இருக்கிறார்கள். எழுத்தறியாத மூதாட்டிகள் இருக்கிறார்கள். வருகிற ஞாயிறு மாலையில், வாலிபர் ஒருவர் அவர்களுள் ஒருவரின் வீட்டுக்குச் சென்று ஓர் அதிகாரத்தை உரக்க வாசிக்கட்டும். சொற்களை வாலிபர் கொடுக்கட்டும். லாசனைப் போல் அந்த மூதாட்டி திருப்பித் தருவதையும் கேட்டுக்கொண்டு வரட்டும்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.